கொல்லையில் ஒரு மர மில்

கொச்சி சமஸ்தானத்தின் காட்டு ரயில் நின்றுபோய் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. தோட்ட ரயில் பிரியர்களுக்கு அதைவிடப் பொருத்தமான மாதிரி கிடைப்பது கஷ்டம்.

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், குளத்தை ஒட்டிய தெருக்களில், கொல்லையோடு கூடிய பழைய வீடு வாய்த்த ஒருவருக்கு அங்கே குட்டி ரயில் விடும் ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் கிடைப்பதெல்லாம் ஆல்ப்ஸ் மலை ரயிலும் அமெரிக்க மேற்கத்திய ரயிலும்தான். கூடவே விற்கிற மர மில்லும் பனி பெய்யும் தேசத்துக் கட்டடம். பலா மரத்தடியில் அது ஒட்டவே ஒட்டாது. சொந்தமாகச் செய்வதே உசிதம். அதற்கான ரயிலும் கேரளத்திலேயே ஓடியிருக்கிறது.

பரம்பிக்குளம் காட்டுத் தேக்கைச் சாலக்குடிக்குக் கொண்டுவரக் கொச்சி சமஸ்தானம் அமைத்த டிராம்வே 1907ல் ஓடத் தொடங்கியது. சுமார் 80 கி.மீ. தூரம், மீட்டர் கேஜ் பாதை, ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் - கோப்பெல் எஞ்சின்கள். செங்குத்தான சரிவுகளில் எஞ்சினுக்கு வேலையே இல்லை. தடி ஏற்றிய வண்டிகள் இறங்கும்போது, கம்பி வடத்தின் மறுமுனையில் கட்டிய காலி வண்டிகள் தாமாக மேலேறும். சாலக்குடியிலிருந்து ஷொரனூர் - கொச்சி ரயில் பாதை வழியாகத் தேக்கு வெளியூர்களுக்குப் போனது. காட்டைக் கணிசமாகக் காலி செய்த பிறகு, 1963ல் டிராம்வே மூடப்பட்டது. அந்தக் காடு இன்று புலிகள் காப்பகம்.

இனி கணக்கு. தோட்ட ரயிலுக்குப் பரவலாகப் புழங்கும் தண்டவாள அகலம் 45 மில்லிமீட்டர். நியூரம்பர்க்கின் லேமன் நிறுவனம் 1968ல் எல்.ஜி.பி. என்ற பெயரில் அறிமுகப்படுத்திய ரயில்கள் ஓடுவதும் இதில்தான். அளவு விகிதம் 22.5ல் ஒரு பங்கு. ஒரு மீட்டரை 22.5ஆல் வகுத்தால் 44.4 மில்லிமீட்டர். கொச்சி டிராம்வேக்கென்றே செய்தது போல இருக்கிறது!

இந்த விகிதத்தில் 30 அடித் தடி 40 சென்டிமீட்டர். 60 அடி நீள மில் கொட்டகை 81 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்ட ரம்பமும் 44 மில்லிமீட்டர்தான். குளிர்பான டின்னின் தகட்டில் வெட்டிக்கொள்ளலாம். அதைச் சுழற்ற, பழைய டேப் ரெக்கார்டரின் மோட்டாரும் ரப்பர் பெல்ட்டும் போதும். தடியை ரம்பத்துக்குத் தள்ளும் டிராலிக்குத் தனித் தண்டவாளம் வேண்டும். மில்லின் உயிர் அதில்தான். பலர் அதை விட்டுவிட்டு ரம்பத்தை மட்டும் சுற்றவிடுகிறார்கள், மாவு மில்லா மர மில்லா என்று தெரிவதில்லை. நிஜ இயந்திரங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் போர்ட் பிளேர் போகலாம். அங்குள்ள சாத்தம் மர மில் 1883ல் தொடங்கியது.

கூரைதான் பொறுமையைச் சோதிக்கும். மங்களூர் ஓடு ஒன்று இந்த அளவில் 18 மில்லிமீட்டர் நீளம், 10 மில்லிமீட்டர் அகலம். 81க்கு 40 சென்டிமீட்டர் கொட்டகைக்கு இரண்டாயிரத்துக்கு மேல் தேவை. களிமண்ணை அச்சில் அழுத்திச் சுட்டெடுக்கலாம்; அலுத்துப்போனால் தகரத்தை நெளித்துப் போட்டுவிடலாம். பல மில்களின் கூரை தகரம்தான், யாரும் குறை சொல்ல முடியாது.

இரண்டு பருவமழையும் கொட்டுகிற ஊர் இது. சாதாரண பிளைவுட் ஒரே மழைக்காலத்தில் வாய்பிளந்துவிடும், மிச்சத்தைக் கரையான் கவனித்துக்கொள்ளும். மரவாடியில் கழித்துப் போட்ட தேக்குத் துண்டுகளைச் சீவித் தூண்களும் உத்தரங்களும் செய்வது நல்லது. ஈரம் ஏறாதபடி அடியில் சிமென்ட் மேடை அவசியம். பாசி படிந்தால் படியட்டும், கொட்டகைக்கு வயது கூடும்.

மில்லைச் சுற்றி என்ன வைப்பது என்பதில்தான் யோசனை தேவை. வெளிநாட்டு மாதிரிகளில் அடுக்கிய பலகைகளும் ஒரு பூனையும் இருக்கும். வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகள் இருக்காது. பரம்பிக்குளத்தைக் காட்டுகிறவர் அடிக்கட்டைகளையும், அந்தக் காட்டில் வாழும் காடர் பழங்குடியினரையும் ஒதுக்கிவிட்டால் அது பாதி உண்மைதான். முளைக்குச்சிகளை வெட்டி நட்டால் அடிக்கட்டைகள் தயார். தடி இழுக்க யானை வேண்டும். ஒன்பது அடி யானை இங்கே 12 சென்டிமீட்டர். அந்த உயரத்து மர யானை கைவினைக் கடைகளில் கிடைக்கும். நெற்றிப்பட்டம் இருந்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். காட்டில் வேலை செய்த யானைக்கு அது கிடையாது.