சாம்பல் கண்ணாடியாகும் சூளை

அத்திப்பட்டில் சாம்பல் என்றால் நிலக்கரிச் சாம்பல்தான். வடசென்னை அனல்மின் நிலையம் 1990களில் ஓடத் தொடங்கிய பிறகு அந்தச் சொல்லுக்கு இங்கே வேறு பொருள் இல்லாமல் போயிற்று. சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிற சரக்கு அது. புதுச்சேரிப் பக்கத்துப் பானைப் பட்டறைகளில் சாம்பல் என்றால் சவுக்கு விறகின் சாம்பல். அங்கே அது தேநீர்க் கோப்பையின் மேல் கண்ணாடியாகப் படிகிறது.

அந்தக் காலத்து மண்பாண்டத்துக்குக் கண்ணாடிப் பூச்சு தேவைப்படவில்லை. குயவர் குந்தி உட்கார்ந்து, கோலால் சக்கரத்தைச் சுழற்றி, அடி திறந்த பானையாக வனைந்து எடுப்பார். சற்று இறுகியதும் உள்ளே கல்லை அணைகொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டியே அடியை மூடுவார். வைக்கோலும் வறட்டியும் அடுக்கிய சூளையின் சூட்டில் மண்ணின் நுண்துளைகள் அடைபடுவதில்லை. அவற்றின் வழியே கசிந்த நீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும். பானைத் தண்ணீர் சில்லென்று இருந்தது அதனால்தான். அதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வராது. பாலும் சர்க்கரையும் கலந்த தேநீருக்குத்தான் அது ஒத்துவராது. துளைக்குள் இறங்கிய வாடை கழுவினாலும் போகாது.

1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கண்ணாடிப் பூச்சுள்ள பாண்டங்கள் செய்யும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே வேலைக்கு வந்த சுற்றுவட்டாரத்துக்காரர்கள் தொழிலில் தேறி, பின்னாளில் தனிப் பட்டறைகள் வைத்தார்கள். 'பாண்டிச்சேரி பாட்டரி' என்று இன்று கடைகளில் கேட்டு வாங்கும் சரக்கின் வேர் அதுதான்.

கோப்பைக்குப் பிடி வைப்பதை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஈரக்கையால், பால் கறப்பதுபோல, மண்ணை உருவி உருவி நீட்டுகிறார்கள். பிடியும் கோப்பையும் ஏறக்குறைய ஒரே ஈரப்பதத்தில் இருக்கும்போதே ஒட்டிவிட வேண்டும். ஒன்று முந்திக் காய்ந்தால் ஒட்டிய இடம் விரிந்துவிடும். முதல் சூட்டில் வெந்த கோப்பையைக் கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சுக் கரைசலில் முக்கி எடுத்து, அடியை மட்டும் சுத்தமாகத் துடைப்பார்கள். துடைக்க மறந்தால் உருகிய கிளேஸ் சூளைத் தட்டோடு கோப்பையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் சூடு 1,250 டிகிரி செல்சியஸையும் தாண்டும். கிளேஸைக் கண்ணாடியாக்கும் சிலிக்கா தனியாக உருக 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். விறகுச் சாம்பலின் சுண்ணாம்பும் பொட்டாஷும் கூடினால் அதற்கு வெகு முன்பே இளகிவிடும்.

கிளேஸ் கோப்பைக்கு நகரத்தில் கிடைக்கும் மதிப்பில் பொங்கல் பானை வனைகிறவருக்கும் பங்கு வர வேண்டும் என்பது என் தீராத ஆதங்கம். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைக்குத் தமிழ்நாட்டில் தடை. அந்த இடத்தை நிரப்ப நம் குயவர்களையும் கூப்பிட்டிருக்கலாம்.

இனி அத்திப்பட்டுக்கு வருவோம். நிலக்கரிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும்தான். சுண்ணாம்பும் ஃபெல்ஸ்பாரும் சேர்த்தால் அதுவும் உருகும். நச்சு உலோகங்கள் இருக்கக்கூடும் என்பதால் உட்புறத்துக்கு வேண்டாம். கோப்பையின் வெளிப்புறத்தில், உதடு படாத இடத்தில் மட்டும் பூசிப் பார்க்கலாம். அதிலுள்ள இரும்பு காற்றோட்டமான தீயில் தேன்நிறம் காட்டுமா, புகைத்தீயில் பச்சை பூக்குமா? ஒரு படி அத்திப்பட்டுச் சாம்பலைச் சூளைக்கு எடுத்துப்போய் அதைப் பார்த்துவிட வேண்டும்.