மைக்கைக் கண்டால் நடுக்கம் ஏன்?

கல்யாண வரவேற்பு நடந்துகொண்டிருக்கிறது. நாதசுவரம் ஓய்ந்ததும், "அடுத்ததாக, மணமகனின் சித்தப்பா மணமக்களை வாழ்த்தி இரண்டு வார்த்தை பேசுவார்" என்று ஒலிபெருக்கி அறிவிக்கிறது. சித்தப்பா கடைத்தெருவில் கணீரென்று பேசி வியாபாரம் செய்பவர். ஆனால் இப்போது அவருக்கு நா வறள்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. வயிற்றில் புளியைக் கரைத்தது போல் இருக்கிறது. கையிலுள்ள காகிதம் படபடவென்று ஆடுகிறது.

வாழ்த்துரை நமது திருமணங்களில் புதிய பழக்கம் அல்ல. சுயமரியாதைத் திருமணங்களில் தலைமையுரையும் வாழ்த்துரையுமே முக்கிய நிகழ்ச்சிகள். ஆகவே இந்தச் சித்தப்பாவைப் போல் தவிப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாளை உங்கள் அக்காவின் திருமணத்தில் உங்களையே பேச அழைக்கலாம். அல்லது விழாவை நடத்தும் பொறுப்பு உங்களிடம் வரலாம். அப்போது தவிப்பவருக்கு எப்படி உதவுவது? அதற்கு முன், உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

புலியும் மேடையும்

நமது சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல் இரண்டு அட்ரினல் சுரப்பிகள் இருக்கின்றன. ஆபத்து என்று மூளை கருதியதும், நரம்புகளின் வழியே அவற்றுக்குக் கட்டளை போகிறது. அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்தம் வயிற்றிலிருந்தும் தோலிலிருந்தும் கை கால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. உமிழ்நீர் குறைகிறது. போரிட வேண்டும், அல்லது ஓட வேண்டும்! உடல் இந்த இரண்டுக்கும் தயாராகிறது. இதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கானன் 1915-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

எதிரே புலி நின்றால் இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். ஆனால் எதிரே இருப்பவர்களோ, சந்தனம் பூசி, கற்கண்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உறவினர்கள். முந்நூறு பேர் தன்னையே உற்றுப் பார்ப்பதையும் மூளை ஓர் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே மேடை நடுக்கம் கோழைத்தனம் அல்ல. நன்றாக வேலை செய்யும் உடலின் அடையாளம் அது.

கரப்பான் பூச்சிகளின் பந்தயம்

பார்ப்பவர்கள் இருந்தால் எல்லாரும் தடுமாறுவார்களா? இல்லை. ராபர்ட் சாயோன்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1969-இல் ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டார்கள். கரப்பான் பூச்சிகளுக்கு வெளிச்சம் பிடிக்காது. விளக்கைப் போட்டதும் அவை இருட்டைத் தேடி ஓடும். ஓடும் பாதையின் அருகே, வேறு சில கரப்பான் பூச்சிகளைக் கண்ணாடி போன்ற பெட்டிகளில் "பார்வையாளர்களாக" வைத்தார்கள். நேரான பாதையில் பூச்சிகள் முன்னைவிட வேகமாக ஓடின. திருப்பங்கள் உள்ள சிக்கலான பாதையிலோ முன்னைவிட மெதுவாகவே சென்றன!

மனிதர்களுக்கும் இந்த விதி பெரும்பாலும் பொருந்துகிறது. பழகிய எளிய செயல் பிறர் முன்னிலையில் மெருகேறுகிறது. பழகாத கடினமான செயல் குழம்புகிறது. ஆகவே விழாவை நடத்துபவரின் முதல் வேலை, பேச வருபவரின் வளைந்த பாதையை நேராக்கித் தருவதுதான்.

எப்படி? முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "மாமா, நீங்க மூணாவதாப் பேசுறீங்க. மூணு நிமிஷம் போதும். மாப்பிள்ளை சின்ன வயசுல செஞ்ச குறும்பு ஒண்ணைச் சொல்லி, வாழ்த்திட்டு வந்துடுங்க" என்று மணமகளின் அண்ணன் சொன்னால், எப்போது, எவ்வளவு நேரம், எதைப் பற்றி என்ற மூன்று கேள்விகள் தீர்ந்தன. பேச்சில் தேர்ந்த புலவர் ஒருவர் முழங்கி முடித்த உடனே அவரை அழைக்காமல் இருப்பதும் நல்லது.

மைக்கின் இயற்பியல்

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். கூச்சப்படுபவர் மைக்கை விட்டு விலகியே நிற்பார். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் 10 செ.மீ.-இலிருந்து 20 செ.மீ. ஆனால், மைக்கை நேரே வந்தடையும் ஒலியின் செறிவு பாதியாகாது, ஏறத்தாழ கால் பங்காகிவிடும். 40 செ.மீ. ஆனால் பதினாறில் ஒரு பங்கு! எதிர் இருமடி விதியின் வேலை இது.

"கேட்கலை!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். ஒலிபெருக்கிக்காரர் பெருக்கத்தைக் கூட்டுவார். உடனே ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மறுபடியும் மைக்கில் புகுந்து, மறுபடியும் பெருகி, "கூ..." என்ற ஊளையாகிவிடும். பேசுபவர் தம்மால்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று இன்னும் பயந்துபோவார். மைக்கை முன்பே சோதித்து, அவர் வந்ததும் அவர் உயரத்துக்கு இறக்கி, வாய்க்கு ஒரு சாணுக்குள் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, காகிதம். எல்லார் கையும் எப்போதும் மிக நுட்பமாக நடுங்கிக்கொண்டே இருக்கிறது. நொடிக்குச் சுமார் 8 முதல் 12 தடவை. அட்ரினலின் இதை அதிகமாக்குகிறது. நீளமான மெல்லிய தாளின் ஒரு முனையைப் பிடித்தால், விரலின் சிறு அசைவு மறுமுனையில் பேரசைவாகத் தெரியும். ஆகவே குறிப்புகளைத் தபால் அட்டை அளவுள்ள தடித்த அட்டையில் எழுதித் தரலாம். அருகே ஒரு டம்ளர் தண்ணீரும் இருக்கட்டும். வறண்ட நாவுக்கு அதுதான் மருந்து.

என்ன சொல்ல வேண்டும்?

"பயப்படாதீங்க" என்றுதான் நாம் எல்லாரும் சொல்கிறோம். அது உதவுகிறதா? அமெரிக்காவைச் சேர்ந்த சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. பேச இருந்த மாணவர்களில் ஒரு பிரிவினரிடம், படபடப்பு இயல்பானது, கவலை வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரிடம், "உங்கள் படபடப்பு நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை" என்ற உண்மையையும் விளக்கினார்கள். இரண்டாவது பிரிவினரே சிறப்பாகப் பேசினார்கள். கேட்டவர்களும் அவ்வாறே மதிப்பிட்டார்கள்.

காரணம் எளிது. நம் இதயம் அடிப்பது நமக்கு முரசு போல் கேட்கிறது. முதல் வரிசையில் இருப்பவருக்கோ அது கேட்பதே இல்லை. "எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்ற எண்ணம்தான் பயத்துக்கு மேல் பயத்தை ஏற்றுகிறது. வெறும் ஆறுதல் சொல்வதைவிட, இந்த உண்மையைச் சொல்வதே மேலான ஆறுதல். "மாமா, உங்க படபடப்பு உங்களுக்குத்தான் தெரியும். எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று அவர் காதோடு சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரு முழுத் தாளை ஒரு முனையில் மட்டும் பிடித்துக் கையை நீட்டுங்கள். மறுமுனையைக் கவனியுங்கள். பிறகு தபால் அட்டையைப் பிடித்துப் பாருங்கள். ஆட்டத்தில் என்ன வேறுபாடு?

2. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். மூச்சை விடும்போது துடிப்பு சற்றே தளர்வதைப் பலரும் உணரலாம். மேடை ஏறுமுன் நாலைந்து முறை இப்படிச் செய்வது நல்லது.

3. வகுப்பில் ஐந்து பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசட்டும். பேசியவர் தம் நடுக்கத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதட்டும். கேட்டவர்களும் தாங்கள் கண்டதைத் தனியே எழுதட்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் எண்களே உங்களுக்குத் தைரியம் சொல்லும்.