160 கி.மீ. உயரத்தில் ஒரு கண் பரிசோதனை

1963 மே மாதத்தில் அமெரிக்க விண்வெளி வீரர் கார்டன் கூப்பர், 'ஃபெய்த் 7' என்னும் கலத்தில் புவியை 22 முறை சுற்றினார். திபெத் பீடபூமி போன்ற இடங்களில் தனித்தனி வீடுகளையும் தெருக்களையும் கண்டதாக அவர் கூறினார். பலர் நம்பவில்லை. எடையற்ற நிலை கண்ணைக் கெடுத்துவிட்டதோ என்றுகூட ஐயுற்றனர்.

நாமே கணக்கிடுவோம். நெருங்கிய இரு புள்ளிகளை நம் கண் பிரித்தறிய, அவை கண்ணில் ஏறத்தாழ 1/60 பாகைக் கோணத்தையாவது ஏற்படுத்த வேண்டும். 160 கி.மீ. தொலைவில் இக்கோணத்துக்கு உரிய நீளம் சுமார் 46 மீட்டர். சாதாரண வீடு அதைவிடச் சிறியது! அப்படியானால் கூப்பர் சொன்னது பொய்யா?

அவசரப்படாதீர்கள். பிரித்தறிவது வேறு, ஒரு பொருள் இருப்பதை உணர்வது வேறு. வானத்தின் பின்னணியில் தொலைவிலுள்ள மெல்லிய மின்கம்பி உங்களுக்குத் தெரிகிறதல்லவா? அதன் தடிமன் ஏற்படுத்தும் கோணம் 1/60 பாகையைவிட மிகச் சிறியது. பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடே அங்கு உதவுகிறது. தூசியும் ஈரமும் குறைந்த காற்றில் அவ்வேறுபாடு மங்குவதில்லை.

ஆனால் விளக்கம் வேறு, சோதனை வேறு. 1965 ஆகஸ்டில் கூப்பரும் கான்ராடும் ஜெமினி 5-இல் 8 நாள் பறந்தபோது அது நடந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் லாரெடோ அருகே, பக்கம் சுமார் 600 மீட்டர் உள்ள 12 சதுரங்களை உழுது சமன் செய்தனர். அந்தக் கரிய மண்மீது வெவ்வேறு அளவில் வெண்ணிறச் செவ்வகங்களைப் பரப்பினர். ஆஸ்திரேலியாவில் இதற்கு வெண்ணிறக் கடற்சிப்பிகளே பயன்பட்டன! ஒவ்வொரு செவ்வகமும் எத்திசையில் கிடக்கிறது என்று வீரர் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பிக்க முடியாதபடி திசைகளை மாற்றியும் வைத்தார்கள். (தேர்வுத் தாள் குறிக்கும் எங்களுக்கும் இது நல்ல யோசனைதான்.) கலத்தினுள்ளேயும் ஒரு சிறு பார்வைச் சோதனைக் கருவி இருந்தது, தலை அசையாதிருக்க வீரர் அதிலுள்ள பலகையைப் பற்களால் கடித்துக்கொள்வார்.

மேகங்கள் பலமுறை குறுக்கிட்டன. எனினும் கிடைத்த அளவீடுகள், தரையில் முன்பே எடுத்த அளவீடுகளோடு ஒத்திருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 7-இன் 14 நாள் பயணத்திலும் பார்வை மாறவில்லை.

மாதக்கணக்கில் தங்கினால் நிலைமை வேறு. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நெடுநாள் இருந்த சிலருக்குக் கண்விழியின் பின்புறம் தட்டையாகியிருப்பது பின்னர் தெரிந்தது. விழியின் நீளம் குறைந்தால், அருகிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் விழப் பார்க்கும். அதனால் விண்வெளியில் படிக்கத் தேவைப்படலாம் என்று குவிலென்ஸ் கண்ணாடிகளையும் உடன் அனுப்புகிறார்கள்.