மூடியில் நாள்காட்டி, அடியில் வேகக் கணக்கு: டச்சுப் புகையிலைப் பெட்டிகள்

17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் புகைபிடிக்கும் வழக்கம் செல்வர், எளியோர் என்ற வேறுபாடின்றிப் பரவியபோது, ஆமெர்ஸ்ஃபோர்ட் வட்டாரத்தில் புகையிலை பயிராயிற்று. ஹவுடா நகரில் களிமண் புகைக்குழல்கள் பெருமளவில் உருவாயின. நறுக்கிய புகையிலை உலர்ந்துவிடாமல் சட்டைப் பையிலேயே இருக்க, கீல் வைத்து இறுக மூடும் நீண்ட பெட்டிகள் பித்தளையிலும் செம்பிலும் செய்யப்பட்டன. சில பெட்டிகளில் இவ்விரு உலோகங்களும் இணைக்கப்பட்டதால், மஞ்சளும் செம்மையுமான நிற வேறுபாடே ஓர் அலங்காரமாயிற்று.

உளியால் கோடு கோடாகச் செதுக்கப்பட்ட இவற்றின் மூடிகளில் விவிலியக் காட்சிகளும் கப்பல்களும் அறிவுரைச் செய்யுள்களும் இடம்பெற்றன. 18ஆம் நூற்றாண்டின் நடுவில், ஜெர்மனியின் இசர்லோன் நகரக் கைவினைஞர் ஜோஹான் ஹைன்ரிக் கீஸ போன்றோர், செதுக்கிய அச்சின்மேல் தகட்டை அழுத்திப் புடைப்புருவம் எழுப்பும் முறையைக் கையாண்டு, பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக்கின் போர் வெற்றிகளைச் சித்திரித்த பெட்டிகள் பலவற்றை உருவாக்கினர்.

எனினும், இக்கலையின் அறிவுச்செறிவு முழுமையாக வெளிப்படுவது, ஆம்ஸ்டர்டாமில் கடற்பயணக் கல்வி கற்பித்த பீட்டர் ஹோல்மின் பெயரோடு அறியப்படும் மாலுமிப் பெட்டிகளில்தான். அவற்றின் மூடியில், கி.மு. 45இல் ஜூலியன் நாள்காட்டியை நடைமுறைப்படுத்திய ஜூலியஸ் சீசரும், 1582இல் அதைத் திருத்திய போப் பதின்மூன்றாம் கிரெகரியும் இருபுறம் நிற்க, எந்த ஆண்டிலும் கிழமையை அறிய உதவும் நிலைநாள்காட்டி நடுவே பொறிக்கப்பட்டுள்ளது. பிரிட்டன் 1752 வரை பழைய கணக்கையே பின்பற்றியதால், துறைமுகத்துக்குத் துறைமுகம் தேதி மாறிய காலத்தில் இச்செய்தி மாலுமிக்கு இன்றியமையாததாக இருந்தது.

அடிப்பகுதியிலோ, கப்பலின் வேகத்தைக் கணக்கிடும் எண் அட்டவணை உள்ளது. கப்பலின் முன்பகுதியிலிருந்து ஒரு மரத்துண்டைக் கடலில் எறிந்து, கப்பலின் பக்கவாட்டில் இடப்பட்ட இரு குறிகளுக்கிடையே அது கடந்துசெல்லும் நேரத்தை அளப்பதே இம்முறையாகும். 12 மீட்டர் இடைவெளியை அத்துண்டு 8 நொடிகளில் கடந்தால், கப்பல் மணிக்கு ஏறத்தாழ 3 கடல்மைல் வேகத்தில் செல்கிறது என்று பொருள். இவ்வகுத்தலை ஒவ்வொரு முறையும் செய்யும் தேவையை அட்டவணை நீக்கியது.

தங்கமோ வெள்ளியோ அல்லாத எளிய உலோகத்தில், உழைப்பாளி அன்றாடம் கையாண்ட பொருளிலேயே வானியல் திருத்தமும் கணிதமும் பொறிக்கப்பட்டமை, கடல் வாணிபத்தில் சிறந்த அச்சமூகத்தில் அறிவு நூலகங்களுக்கு வெளியேயும் புழங்கியதற்குச் சான்றாகும். ஆதலால் இப்பெட்டிகளை அழகுக்காக மட்டும் போற்றுவது போதாது. மூடியோடு அடிப்பகுதியையும் சேர்த்துப் படிக்கும்போதே அவற்றைச் செய்தோரின் கைத்திறனும் பயன்படுத்தியோரின் அறிவுத்தேவையும் ஒருங்கே விளங்கும்.