யூடியூப் கவுன்ட்டரை மாற்றவைத்த எண்... 2038-ல் கடிகாரத்தையும் கவிழ்க்குமா?

2014 டிசம்பர். தென்கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' பாட்டுக்கு வியூஸ் எகிறிக்கொண்டே போக, கவுன்ட்டரையே மாற்ற வேண்டியதாகிவிட்டது என்று யூடியூப் அறிவித்தது. பழைய கவுன்ட்டரால் எண்ண முடிந்த உச்சம் 214,74,83,647. அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

அதென்ன இப்படியொரு கணக்கு? கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 0, 1 மட்டும்தான். ஓர் எண்ணை எழுத 32 இடங்கள் (பிட்) ஒதுக்கினால், பிளஸ்ஸா மைனஸா என்று சொல்லவே ஓர் இடம் போய்விடும். மிச்சமுள்ள 31 இடங்களிலும் 1 போட்டால் வருவது இந்த எண். 31 இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தாலும் இதேதான்.

ஆனால், கம்ப்யூட்டர் வருவதற்கு ரொம்ப முன்னாடியே கணித உலகில் இது ஸ்டார். காரணம், இது ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாது. 1772-ல் இதை உறுதிசெய்தவர் லியோனார்டு ஆய்லர். அப்போது அவருக்கு வயது 65. பார்வை கிட்டத்தட்ட முழுசாகப் போயிருந்தது!

சாதாரண வழியில் போனால், இதன் வர்க்கமூலமான 46,340 வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்கணும். நாலாயிரத்துக்கும் அதிகமான வகுத்தல். ஆய்லர் ஒரு குறுக்குவழி பிடித்தார். இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்கும் என்றால், அந்தப் பகா எண்ணை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63-தான் வரும். அப்படிப்பட்ட எண்கள் சுமார் 370தான். அதில் ஒன்றுகூட வகுக்கவில்லை.

31 பகா எண் என்பதால் இது தானாக நடந்துவிடாது. 11-ம் பகா எண்தான். ஆனால், 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 2047, 23 x 89 என உடைந்துவிடும். யூடியூப் மாறிய 64 பிட் கவுன்ட்டரின் 19 இலக்க உச்சமும் பகா எண் இல்லை, 7-ஆலேயே வகுபடுகிறது.

சரி, 2038-ல் என்ன? பல சிஸ்டம்கள் நேரத்தை, 1970 ஜனவரி 1 முதல் ஓடிய விநாடிகளாக எண்ணுகின்றன. அந்தக் கணக்கு 2038 ஜனவரி 19, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு இந்த எண்ணைத் தொடும். 32 பிட்டிலேயே நிற்கும் சிஸ்டமாக இருந்தால், அடுத்த விநாடியே அந்த ஒன்று மைனஸ் இடத்துக்குள் புகுந்து, தேதி 1901 டிசம்பருக்குத் தாவிவிடும்.

உங்கள் கையில் இருப்பது 64 பிட் போன் என்றால் பெரிதாகக் கவலை வேண்டாம். சிக்கல், ஒருமுறை பொருத்தியபின் யாரும் அப்டேட் பண்ணாத தொழிற்சாலைக் கருவிகள், பழைய ரவுட்டர்களில்தான். அதோடு, 2038 வரை காத்திருக்கவும் தேவையில்லை. இன்று 20 வருட ஹோம் லோன் போட்டால் கடைசி இஎம்ஐ 2038-ஐத் தாண்டித்தானே வரும்? அந்தத் தேதியை 32 பிட்டில் கணக்குப் போடும் சாஃப்ட்வேர் எங்காவது மிச்சமிருந்தால், அது இப்போதே தடுமாறும்.