தாய்க்கோழியின் வளர்ப்பும் குஞ்சுகளின் குணமும்

புதுக்கோட்டை ஜில்லாவில் திருமயம், குளத்தூர் முதலிய வானம் பார்த்த பகுதிகளில், மழை பொய்த்த காலத்தும் கைச்செலவுக்கு உதவுவது பெண்டிர் வளர்க்கும் நாட்டுக்கோழியே என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் பொரிப்பகத்தில் வாங்கிய குஞ்சுகள் வளருங்கால், ஒன்றின் இறகை மற்றொன்று பிடுங்கி, இரத்தம் காணக் கொத்திச் சில சமயம் கொன்றும் விடுகின்றன. இதைப் பிறவிக்குணமென்று கருதுவோர் பலர். இடநெருக்கமும் தீனிக்குறைவும் இதற்குக் காரணமாவதுண்டு. தாயின்றி வளர்ந்தமையும் ஒரு முக்கிய காரணமென ஆராய்ச்சியால் விளங்குகிறது.

முட்டை பொரிய 21 நாள் ஆகும். கடைசி நாட்களில் ஓட்டினுள்ளிருந்தே குஞ்சு குரல் கொடுக்க, அடைக்கோழி மறுகுரல் கொடுக்கும். வெளிவந்த ஓரிரு நாட்களுக்குள், தான் முதலில் கண்டு தொடரும் உருவத்தையே குஞ்சு தாயாகக் கொள்ளும். இதனை ஆங்கிலேயரான டக்ளஸ் ஸ்பால்டிங் 1873-ல் எழுதினார்.

இரை கண்ட தாய் கொக்கரித்து அழைத்து, அதைப் பொறுக்கிக் கீழே போட்டுக் காட்டும். இதனால் குஞ்சின் அலகு மண்ணையும் இரையையும் நாடப் பழகுகிறது. தாய் அமர்ந்ததும் குஞ்சுகளெல்லாம் ஒருசேரச் சிறகின்கீழ் இருளில் உறங்கும். தாயில்லாக் கூண்டிலோ, இரவு பகலாக விளக்கெரிவதால் சில உறங்கச் சில திரியும். திரிபவை உறங்குபவற்றைக் கொத்தத் தொடங்கும். இதுவே நாளடைவில் வழக்கமாகிவிடும்.

குஞ்சுகளோடிருக்கும் தாய் முட்டையிடாது. ஆதலால் சிலர் அவற்றை விரைவில் பிரித்துவிடுகின்றனர். இவ்வாறு கிடைக்கும் சில முட்டைகளுக்காகக் குஞ்சுகளையே இழப்பது லாபமாகாது. ஆகவே பின்வருவன கவனிக்கத்தக்கவை:

1. ஆறு வாரம் வரையிலாவது குஞ்சுகளைத் தாயோடு விடுதல் வேண்டும்.

2. பொரித்து ஓரிரு நாளான பொரிப்பகத்துக் குஞ்சுகளை, பேனும் நோயுமற்ற அடைக்கோழியின்கீழ் இரவில் வைத்தால், அது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். சிறகு மூடுமளவுக்கு மேல் வைக்கலாகாது.

3. அடைக்கோழி கிடையாவிடில், வெப்பமூட்டும் பெட்டியின் விளிம்பைச் சுற்றி, விளக்கில் படாதவாறு, கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, உள்ளே இருண்ட இடமொன்று அமைத்தல் நலம். இம்முறையால் இறகு பிடுங்குதல் குறைவதாகச் சோதனைகளில் கண்டுள்ளனர்.

சங்கத்துக் கடனால் குஞ்சு வாங்கும் அங்கத்தினர் இவற்றை அலட்சியம் செய்யலாகாது. இறந்த குஞ்சின் விலையையும் வட்டியோடு செலுத்தவேண்டியவர் அவர்களே அன்றோ?