பாடாத குரு

பறவை விற்கும் கடைகளில் ஃபிஞ்ச் என்று கேட்டாலே எடுத்துக் காட்டுவார்கள்: பவள நிற அலகு, ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த ஜீப்ரா ஃபிஞ்சில் ஆண் மட்டுமே பாடும். அதுவும் பிறவியிலேயே வருகிற பாட்டல்ல. குஞ்சு, அப்பன் பாடுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் படிக்கிறது. 90 நாள் வயதுக்குள் படிப்பு முடிந்து பாட்டு உறுதிப்பட்டுவிடும்.

எந்தப் பாட்டையும் கேட்காமல் தனியே வளர்ந்த ஆணும் பாடத்தான் செய்கிறது. ஆனால் சில சுரங்களை அளவுக்கு மீறி இழுக்கும், தாளம் நிலைகொள்ளாது.

அப்படியானால் எல்லாம் குருவின் கையில்தானா? 1965இல் மசகாசு கோனிஷி வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. வெண்முடிச் சிட்டுக் குஞ்சுகள் நல்ல பாட்டைக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டன. வாய்திறந்து பழகத் தொடங்குமுன் அவற்றின் கேட்கும் திறன் நீக்கப்பட்டது. படிக்கவே மனம் கூசும் சோதனைதான். பாடம் உள்ளே இருந்தும் அவற்றின் பாட்டு உருக்குலைந்தே வந்தது. தன் குரலைத் தானே கேட்டு, மனத்தில் உள்ள பாட்டோடு ஒப்பிட்டு, விலகலைத் திருத்திக்கொண்டே போவதுதான் சாதகம். அந்த வேலையைச் சீடனுக்காக எந்தக் குருவும் செய்துவிட முடியாது.

சரி, குருவுக்கே பாட்டு சரியாக வராவிட்டால்? தனியே வளர்ந்த ஃபிஞ்சுகளையே குஞ்சுகளுக்கு ஆசானாக வைத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் அந்தக் கோணல் பாட்டைப் படித்தன, ஆனால் கொஞ்சம் திருத்திப் படித்தன. அவற்றிடம் படித்தவை இன்னும் கொஞ்சம் திருத்தின. மூன்று நான்கு தலைமுறைக்குள் பாட்டு காட்டுப் பறவையின் பாட்டை நெருங்கிவிட்டது! 2009இல் நேச்சர் இதழில் வந்த இந்த முடிவை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

ஆனால் குரு என்றால் பாடிக் காட்டுபவர் மட்டும்தானா? வட அமெரிக்காவின் கவ்பேர்டு, குயிலைப் போல மற்றப் பறவைகளின் கூட்டில் முட்டையிடும். இதிலும் பெண் பறவை ஆணின் பாட்டைப் பாடுவதில்லை. இளம் ஆண் பாடும்போது, பிடித்த பாட்டு வந்தால் பெண் சட்டென்று ஒரு சிறகை விரித்து மடக்குகிறது; கண்ணிமைக்கும் நேரம்தான். ஆண் அதைக் கவனித்து, அந்தப் பாட்டையே மறுபடி பாடுகிறது. மெரிடித் வெஸ்டும் ஆண்ட்ரூ கிங்கும் 1988இல் இதை எழுதினார்கள்.

ஜீப்ரா ஃபிஞ்சிலும் இப்படி ஏதாவது உண்டா என்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் தேடினார்கள். பெண் பறவை மெல்ல இறகைச் சிலிர்ப்பதைப் படம்பிடித்து, பழகிக்கொண்டிருந்த இளம் ஆண்களுக்குக் காட்டினார்கள். சில பறவைகளுக்கு, அவற்றின் பாட்டு அப்பன் பாட்டை நெருங்கிய நொடியில் படம் ஓடியது. மற்றவற்றுக்கு அதே படம், அதே எண்ணிக்கையில், ஆனால் பாட்டோடு பொருந்தாத நேரத்தில். முதல் கூட்டத்தின் பாட்டுதான் அப்பன் பாட்டோடு நன்றாக ஒத்துப்போனது. இரண்டு கூட்டமும் பழகியது தன் முயற்சியில்தான். சரியாக வந்த கணத்தில் 'இதுதான்' என்று காட்ட ஒரு சிலிர்ப்பு, ஒன்றுக்குக் கிடைத்தது.